தீப்பொறிக்கு நேரம் குறிப்பவர் யார்?

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

மனிதன் நிலவில் கால் வைத்த கதையைக் கல்லூரி மலர்களில் ஆண்டுதோறும் படித்து வருகிறோம். படிக்க வேண்டியதுதான். ஆனால் அதற்குச் சற்றும் குறையாத வியப்பு ஒன்று நம் கல்லூரியின் வேப்பமரத்தடியிலேயே நாள்தோறும் வந்து நிற்கிறது. நம் பேராசிரியப் பெருமக்கள் ஓட்டி வரும் கார்களின் பானெட்டுக்கு அடியில், உள்ளங்கை அகல அலுமினியப் பெட்டிக்குள் அது அடங்கியிருக்கிறது. என்ஜினுக்குள் தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்று தீர்மானிக்கிற மின்னணுப் பெட்டி அது. பட்டறைகளில் அதற்கு 'ஈ.சி.எம்.' என்று பெயர்.

என் தந்தையார் முப்பது ஆண்டுகளாகக் கார் பழுது பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகையால் இந்தப் பெட்டியை நான் இரண்டு பக்கமிருந்தும் பார்க்க நேர்ந்தது. இதனுள்ளே இருப்பது பெரும்பாலும் நாம் வகுப்பில் படிக்கிற இயற்பியலே. அப்படியிருந்தும் இதைப் படித்தவர் பழுது பார்ப்பதில்லை. பழுது பார்ப்பவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இந்த நிலை மாற வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே சென்று அழுத்துகிறது. பொறி விழுந்தவுடன் கலவை முழுவதும் ஒரே நொடியில் வெடித்து விடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தீ, பிளக்கின் முனையில் பிறந்து வைக்கோல் போரில் பரவுவது போலப் படிப்படியாகப் பரவுகிறது. அதற்கு ஏறத்தாழ 2 மில்லி விநாடி பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் உச்சத்தை எட்டும் வேளையில் பிஸ்டன் மேல் முனையைக் கடந்து 10 முதல் 15 டிகிரி வரை இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் தள்ளுகிற தள்ளு வீணாகாது. ஆகவே பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்னரே பொறியைப் போட்டாக வேண்டும்.

எவ்வளவு முன்னர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் 2 மில்லி விநாடியில் கிராங்க் தண்டு 12 டிகிரி திரும்பும். 3,000 சுற்றில் அதே நேரத்துக்குள் 36 டிகிரி திரும்பிவிடும். வேகம் கூடும்போது உள்ளே சுழற்சி மிகுந்து தீயும் சற்று விரைவாகப் பரவுவதால் கணக்கு இவ்வளவு நேராகப் போவதில்லை. என்றாலும் போக்கு இதுதான். வேகம் கூடக் கூடப் பொறி முந்த வேண்டும். அளவுக்கு மீறி முந்தினாலோ, தீ வந்து சேருமுன் ஓரத்தில் இருக்கும் கலவை அழுத்தம் தாங்காமல் தானே வெடித்து 'டக டக' என்று சம்மட்டி அடி போல ஒலிக்கும். அதுவே நாக்கிங். அது நீடித்தால் பிஸ்டன் தலை ஓட்டையாகிவிடும். பிந்தினாலோ இழுவை குறையும், பெட்ரோல் கரியாகும், சைலன்சர் கொதிக்கும்.

பழைய கார்களில் இந்த வேலையைச் செய்தது டிஸ்ட்ரிபியூட்டர். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காடிலாக் கார்களுக்கென அமைத்த முறை அது. 12 வோல்ட் மின்கலம், ஒரு சுருள், திறந்து மூடும் பாயின்ட்: இவ்வளவுதான் பொருள்கள். பாயின்ட் திறக்கும் கணத்தில் சுருளின் மின்னோட்டம் அறுந்து காந்தப் புலம் சரிகிறது; இரண்டாம் சுருளில் இருபதாயிரம் வோல்ட் பிறக்கிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுருள்களின் சுற்று விகிதம் ஏறத்தாழ 1-க்கு 100. அப்படியானால் 1,200 வோல்ட்தானே வர வேண்டும்? மீதி எங்கிருந்து வந்தது? புலம் சரிகிற வேகத்திலிருந்து வந்தது. 1831-ல் பாரடே கண்டது இதைத்தான். நம் ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில் தூசு படிந்து நிற்கும் தூண்டு சுருளும் இதே உறவுக்காரர்தான். அதைத் தொட்டுப் பார்த்த மாணவர் நம்மில் எத்தனை பேர் என்பது வேறு கதை.

வேகத்துக்கு ஏற்பப் பொறியை முந்தச் செய்ய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சிறு எடைகள் சுழலும். அவை மையவிலக்கால் விரிந்து பாயின்ட் திறக்கும் கோணத்தை நகர்த்தும். பாரத்துக்கு ஏற்ப நகர்த்துவது வேக்குவம் டயஃப்ரம். எடையும் ஸ்பிரிங்கும் ரப்பர்த் தோலும் சேர்ந்து போடும் கணக்கு! எளிமையில் அழகு என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

ஆனால் கடைசித் தீர்ப்பு மனிதக் காதிடமே இருந்தது. என் தந்தையார் அம்பாசிடர் காருக்கு டைமிங் வைப்பதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். நட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு மேட்டில் ஏற்றிப் பார்ப்பார். நாக்கிங் இலேசாகத் தலைகாட்டினால் ஒரு மயிரிழை பின்னுக்கு வைப்பார். அந்தக் காது பத்தாண்டுப் பழக்கத்தில் வந்தது. எந்தப் பல்கலைக்கழகமும் அதற்குப் பட்டம் தரவில்லை.

இருப்பினும் பழைமையைப் பாராட்டுவதில் அளவு வேண்டும். பாயின்டின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கேமில் உராயும் குதிகால் தேய்ந்தால் இடைவெளி சுருங்கிப் பொறி தானாகவே பிந்தும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை பில்லர் கேஜைக் கையில் எடுத்தாக வேண்டும். நான்கு சிலிண்டர் என்ஜின் 6,000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 200 பொறி. ஒரே சுருள் 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை நிரம்பிக் காலியாக வேண்டும்; நிரம்ப நேரம் போதாமல் பொறி மெலியும்.

நீலகிரிப் பாதையை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் சமவெளியின் அழுத்தத்தில் முக்கால் பங்கைச் சற்றே மிஞ்சும். காற்று மெலிந்தால் தீ மெல்லப் பரவும், நாக்கிங் பயமும் குறையும். ஆகவே பொறி இன்னும் முந்தலாம். ஆனால் வேக்குவம் டயஃப்ரம் வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே அறியும். மலை மேல் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் வேறுபாடு ஏறத்தாழ இல்லை, சமவெளியிலும் அப்படியே. இரண்டும் அதற்கு ஒன்றுதான். மேட்டுப்பாளையத்தில் வைத்த டைமிங்கோடு கார் மூச்சு வாங்கி ஏறிய காரணங்களில் இதுவும் ஒன்று.

இந்த முறைக்கு முடிவு வந்தது மலையால் அன்று; புகையால். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கார்ப் புகைமூட்டத்தால் கண்ணெரிந்து கிடந்தது. 1970-ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. தேய்ந்து போகும் பாயின்டை நம்பி இனிப் பயனில்லை என்ற நிலை. 1977-ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ காரில் பொறியின் நேரத்தை ஒரு நுண்செயலி கணக்கிட்டது. 1979-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், பொறியையும் பெட்ரோல் பீய்ச்சுவதையும் ஒரே பெட்டி ஆளும் 'மோட்ரானிக்' அமைப்பை பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் தந்தது. நம் நாட்டில் 1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகை தூய்மிக்கும் வினையூக்கி கட்டாயமாயிற்று. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு வந்தபின் மோட்டார் சைக்கிளுக்கும் பெட்டி வந்துவிட்டது.

அப்பெட்டி எப்படி வேலை செய்கிறது? கிராங்க் தண்டின் முனையில் ஒரு பல் சக்கரம். பல கார்களில் 60 பற்களுக்கு இடம் விட்டு, 2 பற்களை வேண்டுமென்றே நீக்கியிருப்பார்கள். ஒவ்வொரு பல்லும் 6 டிகிரி. எதிரே காந்தமும் சுருளும் கொண்ட ஓர் உணர்வி. பல் கடக்கும்போதெல்லாம் காந்தப் பாயம் மாறி ஒரு மின் துடிப்பு எழும்; மீண்டும் பாரடே! பொக்கைப் பல் இடத்தில் துடிப்பு வராத இடைவெளியைக் கண்டு, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பெட்டி அறிந்துகொள்ளும். சில கார்களில் சுருளுக்குப் பதில் 1879-ல் எட்வின் ஹால் கண்ட ஹால் விளைவைப் பயன்படுத்துகிறார்கள். உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை இன்னோர் உணர்வி சொல்லும். இது தனியழுத்தம், வெளிக்காற்றோடு ஒப்பிட்ட வேறுபாடு அன்று; ஆகவே உதகையும் மேட்டுப்பாளையமும் பெட்டிக்கு வேறு வேறாகத் தெரியும்.

வேகம் தெரிந்தது, பாரம் தெரிந்தது. இனி ஓர் அட்டவணை. நாம் மடக்கை அட்டவணையைப் புரட்டுவது போலப் பெட்டி தன் நினைவகத்தில் புரட்டும். இரண்டு கட்டங்களுக்கு இடையே விழும் மதிப்பை இடைச்செருகிக் கண்டுகொள்ளும். என்ஜின் வெப்பம், உள்ளே வரும் காற்றின் வெப்பம் இவற்றுக்குத் திருத்தம் செய்யும். மின்கலம் சோர்ந்திருந்தால் சுருளுக்கு நிரம்பும் நேரத்தைக் கூட்டிக் கொடுக்கும். இன்று ஒவ்வொரு பிளக்குக்கும் தனிச் சுருள் இருப்பதால் 6,000 சுற்றிலும் 20 மில்லி விநாடி அவகாசம் உண்டு. காலைக் குளிரில் காரை எடுத்தால், பெட்டி பொறியை வேண்டுமென்றே பிந்த விடும். சூடு வீணாகச் சைலன்சர் பக்கம் போகிறதே என்று தோன்றும். அங்கே இருக்கும் வினையூக்கி 250 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அதைச் சீக்கிரம் சூடாக்கவே இந்த ஊதாரித்தனம். எந்த எடையும் ஸ்பிரிங்கும் இப்படி யோசித்திருக்காது.

என்னைப் பெரிதும் கவர்ந்தது நாக் உணர்விதான். என்ஜின் உடம்பில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு சிறு வட்டு அது. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பொருள் அதனுள் இருக்கிறது. கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்ட அழுத்த மின் விளைவு. கலவை தானே வெடிக்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் வாயு மணி போல அதிரும். அதன் அதிர்வெண்ணை நாமே கணக்கிடலாம். வட்டக் குழியில் முதல் குறுக்கதிர்வுக்கு, ஒலியின் வேகத்தை 1.84 ஆல் பெருக்கி, பையையும் விட்டத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். கொதிக்கும் வாயுவில் ஒலி வேகம் விநாடிக்கு 950 மீட்டர், விட்டம் 80 மில்லிமீட்டர் என்று கொண்டால் விடை ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ். பெட்டி அந்த அதிர்வெண்ணை மட்டும் வடித்துக் கேட்கிறது. அதுவும் பிஸ்டன் மேல் முனையைத் தாண்டிய சில டிகிரிகளில் மட்டும் காது கொடுக்கிறது. சந்தை இரைச்சலில் தன் பிள்ளையின் குரலைத் தாய் பிரித்தறிவது போல. நாக் கேட்டால் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பொறியைச் சில டிகிரி பின்தள்ளி, பிறகு மெள்ள மெள்ள முன்னே கொண்டு வருகிறது. நட்டைத் தளர்த்தி மயிரிழை திருப்பிய அதே வேலை. ஆனால் ஓடும் காரில், ஓய்வின்றி.

இதைத் தந்தையாரிடம் விளக்கியபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நம்ம காதைத்தான் செஞ்சு வெச்சிருக்கான், கண்ணு" என்றார். அவ்வளவுதான். ஆனால் பட்டறையில் கூடும் பெரியவர்கள் பலர், கம்ப்யூட்டர் வந்து காரைக் கெடுத்துவிட்டது என்றே பேசுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. தெருவோரம் நின்று புகையைக் குடிப்பவர்களில் பெரும்பாலோர் காரில் போகாதவர்கள். அவர்களுக்கு இப்பெட்டி செய்த நன்மையை மறுக்க முடியாது. இதற்கு நேர்மாறாக, இனி மெக்கானிக்குக்கு வேலை இல்லை, ஸ்கேனரைச் சொருகினால் அதுவே நோயைச் சொல்லிவிடும் என்று பேசும் படித்தவர்களும் உண்டு. இவர்கள் பேச்சு அதைவிட ஆபத்தானது என்பேன்.

சென்ற ஆண்டு எங்கள் பட்டறைக்கு ஒரு சிறிய காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்கேனர் பி 0335 என்று காட்டியது. கிராங்க் உணர்வியின் சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். வேறொரு பட்டறையில் அதே எண்ணைப் பார்த்துவிட்டுப் புதிய உணர்வி போட்டிருந்தார்கள், பலனில்லை. உணர்வி என்பது காந்தமும் சுருளுந்தானே, அப்படியானால் என்ஜின் சுற்றும்போது மாறுதிசை மின்னழுத்தம் வர வேண்டுமே என்று தந்தையாரிடம் சொன்னேன். செல்ஃப் அடித்துக்கொண்டே மீட்டரை வைத்துப் பார்த்தோம். உணர்வியின் முனையில் மின்னழுத்தம் இருந்தது; பெட்டியின் முனையில் இல்லை. நடுவில் வயர் ஒரு கிளாம்பில் உராய்ந்து உள்ளுக்குள் அறுந்திருந்ததைத் தந்தையாரின் விரல்கள் தடவியே கண்டுபிடித்தன. இரண்டு அங்குல வயரும் கொஞ்சம் டேப்பும், கார் ஓடியது. அந்த எண், 'சுற்று' என்றுதான் சொன்னது. 'உணர்வி' என்று சொல்லவில்லை. சுற்று என்றால் என்னவென்று தெரிந்தவருக்கே அந்த எண் பயன்படும்.

அன்று முதல் என் படிப்பைப் பற்றி வீட்டில் கேட்கப்படும் ஒரு கேள்வி நின்றுவிட்டது. இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்விதான் அது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த தோழர்கள் அனைவருக்கும் அந்தக் கேள்வி தெரிந்திருக்கும்.

இனி, பெட்டியைப் பூட்டி வைப்பது பற்றி. அமெரிக்காவில் 1996 முதல் விற்கும் கார்களில் ஒரே வகையான 16 முனைச் சொருகி கட்டாயமாயிற்று. புகை தொடர்பான பொதுக் கோளாறு எண்களை யாரும் படிக்கலாம். ஆனால் அதற்கு மேற்பட்ட விவரங்களை நிறுவனங்கள் தம் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டன. 2012-ல் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் வாக்களித்துப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தைப் பெற்றார்கள். நம் நாட்டில் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் கண்டறியும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் வழக்காடின. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணைய வாயிலைத் திறந்தது. திறந்ததெல்லாம் நன்றே. ஆனால் எங்கள் தெருப் பட்டறைக்கு அதன் காற்று இன்னும் வீசவில்லை.

நிறுவனங்கள் சொல்லும் நியாயம் முழுப் பொய்யன்று. பெட்டியை யார் வேண்டுமானாலும் திறந்து அட்டவணையை மாற்றலாம் என்றால், இழுவைக்காகப் புகையைப் பெருக்குவோர் இருக்கத்தான் செய்வார்கள், திருட்டுக்கும் வழியாகும். ஆகவே நான் வேறுபடுத்திப் பார்க்கிறேன். எழுதுவதைப் பூட்டுங்கள், படிப்பதைத் திறந்து விடுங்கள். எந்த உணர்வி எத்தனை வோல்ட் தர வேண்டும், எந்த வயர் எங்கே போகிறது, எந்த நேரத்தில் பொறி எத்தனை டிகிரி: இவற்றைத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் கெடுதி இல்லை. மின்சாரக் கார் வந்துவிடும், பொறியே இராது, இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். இன்று சாலையில் உள்ள பெட்ரோல் கார்கள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். தவிர, மின்சாரக் காரில் பெட்டிகள் கூடுமேயன்றிக் குறையா. இன்று பூட்டப் பழகிய கை அங்கேயும் பூட்டும்.

படிப்பது திறந்தால் மட்டும் போதுமா? எந்த மொழியில் திறப்பது? என் தந்தையார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்ச் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பவர். சுற்று வரைபடம் தமிழில் இருந்தால் அவர் படிப்பார். அதை எழுதும் கடமை யாருக்கு? மின்காந்தத் தூண்டலையும் குறைகடத்தியையும் ஒத்ததிர்வையும் தமிழ் வழியில் படித்து, தமிழிலேயே தேர்வெழுதும் நமக்குத்தான். நம் பாடத்தில் எல்லாம் இருக்கிறது. அவை ஒரே பெட்டிக்குள் கூடி வாழ்கின்றன என்ற செய்தி மட்டும் இல்லை.

ஆகவே இயற்பியல் துறைக்கு ஒரு விண்ணப்பம். பழைய இரும்புக் கடையில் பல் சக்கரமும் கிராங்க் உணர்வியும் நாக் உணர்வியும் ஒரு பிளக் சுருளும் கிடைக்கும். என் தந்தையாரே வாங்கித் தரச் சம்மதித்திருக்கிறார். ஒரு சிறு மோட்டாரில் பல் சக்கரத்தைச் சுழலவிட்டு, உணர்வியின் துடிப்பை நம் ஆய்வகத்து அலைவு காட்டியில் பார்க்கலாம். பொக்கைப் பல் திரையில் தெரியும். நாக் உணர்வியை மேசையில் இறுக்கி ஒரு சிறு சுத்தியால் தட்டினாலே போதும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தைத் திறந்து வைத்தால் ஊர்ப் பட்டறைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் நம் தேர்வுத்தாளை விடக் கடினமாக இருக்கும் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். எட்டுப் பேர் வருவதாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். சாவி துறைத்தலைவர் ஐயா அவர்களிடம் இருக்கிறது.